லெட்டர் பாக்ஸில் இல்லாத பெயர்: ஜெர்மனியில் என் அனுமதி அட்டையை நீட்டித்த கதை

2024 செப்டம்பர் 11ஆம் தேதி ஜெர்மனியில் நான் வசிக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். அதை நான் கையில் வாங்கிப் படித்தது நவம்பர் 18ஆம் தேதி. நடுவில் போன அந்த இரண்டு மாதத்தில் என் பகுதிநேர வேலை ஐந்து வாரம் நின்றது. 2,287 யூரோ போனது. எங்கள் அப்பத்தா இறந்தபோது ஊருக்குப் போக முடியாமல் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனிக்குப் படிக்க வருகிறவர்களுக்கு எந்தக் கல்லூரி, எந்தக் கோர்ஸ், விசா நேர்காணலுக்கு என்ன உடுத்துவது என்பது வரை சொல்லித் தர ஆள் இருக்கிறது. வந்து இறங்கிய பிறகு இங்கே தங்குவதற்கான காகிதங்களை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் தேதியோடும் தொகையோடும் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். சென்னையில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு, 2023 அக்டோபரில் தொடங்கும் செமஸ்டருக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்தேன். இந்திய மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்று 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். அதற்கு 18,000 ரூபாய். பிளாக்ட் அக்கவுன்டில், அதாவது ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற கணக்கில், அப்போது 11,208 யூரோ போட வேண்டும், நம் பணத்தில் ஏறக்குறைய 10 லட்சம். விசா கட்டணம் 75 யூரோ. எல்லாம் கல்விக் கடன், அம்மா நகை, அப்பா கையில் இருந்தது என்று சேர்த்துக் கட்டியது. ஆறு மாத விசா கொடுத்தார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் நாம் வசிக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, படிப்புக் காலத்துக்கான அனுமதி அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த அலுவலகத்தை இங்கே ஆஸ்லேண்டர்பெஹோர்டே என்பார்கள். நான் இருக்கும் ஊர் தெற்கே ஒரு பல்கலைக்கழக நகரம், அதன் பெயர் வேண்டாம்.

என் முதல் தவறு பாஸ்போர்ட்டில் இருந்தது. 2014இல் எடுத்த பத்து வருஷப் பாஸ்போர்ட், 2024 அக்டோபர் 14 வரை செல்லும். கிளம்பும்போது பதின்மூன்று மாதம் பாக்கி இருந்ததால் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. 2024 ஜனவரியில் அனுமதி அட்டைக்கு விண்ணப்பித்து 100 யூரோ கட்டினேன். இரண்டு வருஷத்துக்குக் கிடைக்கும் என்று நினைத்திருந்த அட்டையில் போட்டிருந்த தேதி 14.10.2024. பாஸ்போர்ட் முடியும் நாளைத் தாண்டி அனுமதி தர மாட்டார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். காலாவதிக்கு ஒரு வருஷத்துக்குள் வந்துவிட்டால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அப்படியானால் 2023 அக்டோபரிலேயே இந்தியத் தூதரகம் வழியாகப் புதுப்பித்திருந்தால், ஜனவரியில் புதுப் பாஸ்போர்ட்டை நீட்டி முழுக் காலத்துக்கும் அட்டை வாங்கியிருப்பேன். அதன் பிறகு நடந்தது ஒன்றுமே நடந்திருக்காது. நீங்கள் இன்னும் கிளம்பவில்லை என்றால் இப்போதே எழுந்து பாஸ்போர்ட்டின் கடைசித் தேதியைப் பாருங்கள். ஒரு வருஷத்துக்குக் குறைவாக இருந்தால், விசாவுக்குக் கொடுப்பதற்கு முன்பே ஊரிலேயே புதுப்பித்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்ததும் பெயரையும் பாருங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர்தான் இனிஷியல். அது சிலருக்கு சர்நேம் கட்டத்தில் இருக்கும், சிலருக்கு இரண்டு பெயரும் கிவன் நேம் கட்டத்திலேயே சேர்ந்து கிடக்கும், சிலருக்கு சர்நேம் கட்டமே காலியாக இருக்கும். என்னோடு படித்த தஞ்சாவூர்ப் பெண்ணுக்குக் காலி. பல்கலைக்கழகம் ஒரு மாதிரி, காப்பீட்டு நிறுவனம் ஒரு மாதிரி, அனுமதி அட்டை ஒரு மாதிரி என்று மூன்று விதமாக அவள் பெயர் பதிவானது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே ஒரு செமஸ்டர் அலைந்தாள். எனக்கு அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில் இருந்தது, அதனால் சிக்கல் இல்லை என்றுதான் நினைத்தேன்.

2024 ஜூனில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து ஆகஸ்டில் புதுசு கைக்கு வந்தது. அதே மாதம் வீடும் மாறினேன். முதலில் இருந்த அறை உள்வாடகை. அங்கே பட்ட ஒரு பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் குடி போன இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்குப் பெயர் அன்மெல்டுங். வீட்டைக் கொடுத்தவர் கையெழுத்திட்ட வோனுங்ஸ்கேபர்பெஸ்டேடிகுங் என்ற தாள் இல்லாமல் பதிய மாட்டார்கள், வாடகை ஒப்பந்தத்தை மட்டும் காட்டினால் போதாது. பதிவு இல்லாவிட்டால் வரி எண் வராது, எந்த ஊர் அலுவலகம் நம் கோப்பைப் பார்க்கும் என்பதும் முடிவாகாது. 'தங்கலாம், ஆனால் அன்மெல்டுங் கிடையாது' என்று யாராவது அறை காட்டினால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். நான் அந்தத் தாளுக்காக ஒரு மாதம் கெஞ்சி வாங்கினேன். இரண்டாவது வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. மூன்று பேர் பகிர்ந்து இருக்கும் வீடு, முதல் வாரத்திலேயே புது முகவரியைப் பதிந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26ஆம் தேதி, அட்டை முடிய ஏழு வாரம் இருக்கும்போது, நீட்டிப்புக்கு இணையத்தில் விண்ணப்பித்தேன். 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்று ஒரு தானியங்கி மின்னஞ்சல் வந்தது. அவ்வளவுதான், அதன் பிறகு ஒன்றும் இல்லை. செப்டம்பர் முழுக்க இருமுறை மின்னஞ்சல் அனுப்பினேன். போன் எடுக்க ஆள் இல்லை. எல்லோருக்கும் இப்படித்தான் தாமதமாகிறது, சட்டப்படி நீ தங்கலாம், பயப்படாதே என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். இங்குள்ள வசிப்புச் சட்டத்தின் 81ஆவது பிரிவில் 4ஆவது உட்பிரிவு என்ன சொல்கிறது என்றால், கையில் இருக்கும் அனுமதி முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும் வரை பழைய அனுமதி அதே நிபந்தனைகளோடு தொடர்வதாகக் கொள்ளப்படும். ஆனால் அப்படித் தொடர்கிறது என்று அடுத்தவருக்குக் காட்ட ஒரு தாள் வேண்டும். அதன் பெயர் ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங். 13 யூரோ கட்டணம். உரிமை தானாக வந்துவிடுகிறது, தாள் தானாக வராது. அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒரு தாள் இருப்பதே தெரியாது.

அக்டோபர் 15ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, அட்டை முடிந்த மறுநாள், நான் வேலை பார்த்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். வாரம் 20 மணி நேர மாணவர் வேலை, மணிக்கு 14 யூரோ. புது அட்டை எங்கே என்றார்கள். தானியங்கி மின்னஞ்சலைக் காட்டினேன். வெளிநாட்டவரை வேலைக்கு வைப்பவர் அவருடைய அனுமதியைச் சரிபார்த்து நகல் வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்த அம்மா தன்மையாகத்தான் பேசினார். 'சரியான தாள் வரும் வரை நீங்கள் வர வேண்டாம், வந்ததும் அடுத்த நாளே வாருங்கள்' என்றார். வீட்டுக்கு நடந்து வந்தது நினைவிருக்கிறது. டிராமுக்கு மாத டிக்கெட் கையில் இருந்தும் நடந்தேன். ஊரில் அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து, 23ஆம் தேதி விடியற்காலை அப்பாவிடமிருந்து போன். அப்பத்தா தவறிவிட்டது. என்னை வளர்த்தது அதுதான். அம்மா பள்ளிக்கூட வேலைக்குப் போய்விடும், பள்ளிவிட்டு வந்தால் கஞ்சி ஊற்றுவதும் தலை பின்னிவிடுவதும் அப்பத்தாதான். மூத்த பேத்தி நான், நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டியவள். எதையும் யோசிக்காமல் 742 யூரோவுக்கு அன்றைக்கு மதியம் கிளம்பும் டிக்கெட் எடுத்தேன். பை கட்டிக்கொண்டிருக்கும்போது, எனக்கு இரண்டு வருஷம் மூத்த திருநெல்வேலி அக்கா ஒருவர் போன் செய்து, "ஏம்மா, உன் கார்டு முடிஞ்சுபோச்சுல்லா, கையில ஃபிக்ஷன் பேப்பர் இருக்கா?" என்று கேட்டார். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். இல்லை என்றதும் அவர் குரல் மாறிவிட்டது. "போறதுக்குப் போயிரலாம். திரும்பி வரும்போது சென்னையிலேயே விமானத்துல ஏத்த மாட்டாங்க. திரும்பவும் முதல்லேருந்து விசா எடுக்கணும். தீஸிஸ் என்ன ஆகும், லோன் என்ன ஆகும்னு யோசிச்சுக்கோ."

அப்பாவைக் கூப்பிட்டு அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ வர வேணாம்மா. வந்து மாட்டிக்கிடாத. ஆத்தாவுக்கு உன் மனசு தெரியும்" என்றார். தம்பி போனைப் பிடித்துக் காட்ட, எனக்குப் பதிலாகச் சித்தப்பா மகள் நெய்ப்பந்தம் பிடித்ததைப் பார்த்தேன். எட்டு வயதுப் பிள்ளை. புகை கண்ணில் பட்டுக் கசக்கிக்கொண்டே நின்றது. டிக்கெட்டில் வரி மட்டும் 81 யூரோ திரும்பி வந்தது. 661 யூரோ போனது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. அந்த ஒரு நாளுக்காக இன்றைக்கும் மனது ஆறவில்லை.

பிறகுதான் தெரிந்தது, மரணம், அறுவைச் சிகிச்சை போன்ற அவசரங்களுக்கு எங்கள் ஊர் அலுவலகத்தில் தனி மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. மருத்துவர் கடிதமும் டிக்கெட்டும் இணைத்து அனுப்பினால் அன்றைக்கோ மறுநாளோ கூப்பிடுகிறார்கள். எல்லா ஊரிலும் இப்படி இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் ஊரில் என்ன வழி என்பதை நிம்மதியாக இருக்கும் ஒரு நாளில் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழுதுகொண்டிருக்கும்போது ஜெர்மன் மொழிப் பக்கங்களில் தேட முடியாது.

நவம்பர் 4ஆம் தேதி ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். தனிநபருக்குத் தரும் முதல் ஆலோசனைக்கு 190 யூரோவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு உண்டு, தனியாக ஒப்பந்தம் போட்டிருந்தால் தவிர. வரியோடு 226.10 யூரோ கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அவர் சொன்னது இதுதான்: நீ ஒரு நாள்கூடச் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கவில்லை, அந்த வேலையையும் செய்திருக்கலாம், உன்னிடம் இல்லாதது சான்று மட்டும். தலைப்பிலேயே '81ஆவது பிரிவு 5ஆவது உட்பிரிவின்படி ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் தருக' என்று எழுதி, விண்ணப்பித்த தேதியைக் குறிப்பிட்டு, வேலை நின்றுபோனதற்கு நிறுவனத்தின் கடிதத்தை இணைத்து அனுப்பச் சொன்னார். விண்ணப்பம் போட்டு மூன்று மாதமாகியும் தக்க காரணம் இல்லாமல் முடிவு சொல்லாவிட்டால் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வழி உண்டு என்பதையும் சொல்லிவைத்தார். மின்னஞ்சல் அனுப்பிய நான்காம் நாள் பதில் வந்தது. அந்த நான்கு வரியை இலவசமாகவே எழுதித் தர ஆட்கள் இருந்திருக்கிறார்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர் பேரவையோ மாணவர் நலச் சங்கமோ கட்டணம் இல்லாமல் சட்ட ஆலோசனை தருகின்றன. காரித்தாஸ், டியாகோனி, ஆவோ போன்ற அமைப்புகள் நடத்தும் குடிபெயர்ந்தோருக்கான ஆலோசனை மையங்களிலும் பணம் வாங்குவதில்லை. முதலில் அங்கே போங்கள்.

நவம்பர் 18, காலை 8.20 மணிக்கு முன்பதிவு. அலுவலர் என் கோப்பைத் திறந்ததும் மேலேயே ஒரு உறை இருந்தது. பிரிக்காத உறை, மேலே தபால் துறையின் ஒட்டுச்சீட்டு. "இதை உங்களுக்கு அனுப்பினோம், திரும்பி வந்துவிட்டது" என்று என்னிடம் கொடுத்தார். செப்டம்பர் 26ஆம் தேதி நேரில் வரவும், பல்கலைக்கழகப் பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று, பண ஆதாரம், புதுப் பாஸ்போர்ட் கொண்டுவரவும் என்று அதில் இருந்தது. அட்டை முடிய பதினெட்டு நாள் முன்பே என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குக் கை நடுங்கியது.

ஏன் திரும்பியது என்றால், இங்கே தபால்காரர் பிளாட் எண்ணைப் பார்த்துக் கொடுப்பதில்லை. அடுக்குமாடி வீடுகளின் முகவரியில் பெரும்பாலும் பிளாட் எண்ணே இருக்காது. லெட்டர் பாக்ஸில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துப் போடுகிறார், அதுவும் குடும்பப் பெயரை. எங்கள் பாக்ஸில் மற்ற இரண்டு பேருடைய குடும்பப் பெயர்களுக்குக் கீழே நான் ஒரு துண்டுத் தாளில் என் பெயரை மட்டும் எழுதி ஒட்டியிருந்தேன். நம் வழக்கப்படி என் பெயர் என்றால் என் பெயர்தானே. கடிதம் வந்தது அப்பாவின் பெயருக்கு. அரசுக் கணக்கில் நான் அந்தப் பெயர்தான், அலுவலகத்தில் கூப்பிடுவதும் அந்தப் பெயரில்தான். அப்பா பெயர் இல்லாத பெட்டி என்று அந்தத் தபால்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சாவி வாங்கிய அன்றைக்கே, பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, பாஸ்போர்ட்டின் சர்நேம் கட்டத்தில் இருக்கும் அந்தப் பெயரை எழுத்து மாறாமல் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். சர்நேம் காலி என்றால் முழுப் பெயரையும் ஒட்டுங்கள். உள்வாடகையாக இருந்தாலும், ஒரு மாதமே தங்கினாலும் ஒட்டுங்கள். உங்கள் தோழி உங்களுக்காகப் பார்சல் வாங்குவதாக இருந்தால்கூட அரசுக் கடிதம் அவள் பெயருக்கு வராது.

அன்றைக்கே ஃபிக்ஷன் தாள் கொடுத்தார்கள். பண ஆதாரத்தில் மட்டும் ஒரு இடறல். செலவுக்குக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டிய தொகை, மாதத்துக்கு 934 என்றிருந்தது, 2024 செப்டம்பர் 1 முதல் 992 யூரோ ஆகியிருந்தது, வருஷத்துக்கு 11,904. நான் பழைய கணக்கில் காட்டியிருந்தேன். வேலை ஒப்பந்தத்தையும் சேர்த்துக் காட்டி அதைச் சரிசெய்தேன். விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தத் தொகை எவ்வளவு என்று மறுபடி பார்த்துவிடுங்கள், சீனியர் சொன்ன எண்ணை நம்ப வேண்டாம். நீட்டிப்புக்கு 93 யூரோ வேறு கட்டினேன். கைரேகை வைத்து, அட்டை பெர்லினில் அச்சாகி வர வேண்டும். மறுநாள் வேலைக்குப் போனேன். ஐந்து வாரச் சம்பளம் 1,400 யூரோ போனது போனதுதான்.

அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் ஒன்றைப் பாருங்கள். உள்ளே மூன்று கட்டங்கள் இருக்கும், அதில் எதில் குறி போட்டிருக்கிறார்கள் என்பதுதான் எல்லாம். 'அனுமதி தொடர்வதாகக் கொள்ளப்படும்' என்ற மூன்றாவது கட்டத்தில், 81ஆவது பிரிவு 4ஆவது உட்பிரிவு என்று போட்டிருந்தால், முடிந்த அட்டையோடும் பாஸ்போர்ட்டோடும் சேர்த்துக் காட்டி வெளியே போய்த் திரும்பலாம். மற்ற இரண்டில் குறி இருந்தால் அதை நம்பி நாட்டைவிட்டு வெளியே போகாதீர்கள். அதனால் முடிந்துபோன அட்டையைத் தூக்கி எறியாதீர்கள், தாளுக்குத் துணை அதுதான். படிப்பு முடிந்து வேலைக்கு மாறுகிறவர்களுக்கு இன்னொன்று. தொடர்வது பழைய நிபந்தனைதான். மாணவர் அனுமதி என்றால் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்ற வரம்பும் சேர்ந்தே தொடரும். புது அனுமதி உறுதியாகும் முன் முழுநேர வேலையில் சேரும் தேதியை ஒப்புக்கொள்ளாதீர்கள். புது அட்டையை அச்சுக்கு அனுப்பியதும், இனி அந்த வேலையைச் செய்யலாம் என்று தாளிலேயே குறித்துத் தரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கேளுங்கள்.

விண்ணப்பித்ததற்கான ஆதாரத்தை நான் இப்போது மூன்று விதமாக வைத்துக்கொள்கிறேன். இணையத்தில் அனுப்பும்போது கடைசித் திரையைத் தேதியோடு பி.டி.எஃப். ஆக எடுத்துக்கொள்வேன். அதையே மின்னஞ்சலில் இணைத்து அலுவலகத்துக்கு அனுப்புவேன். ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் போட்டு ரசீதை வைத்துக்கொள்வேன். பதிவுத் தபாலுக்குச் செலவாகும் சில யூரோவை வீண் என்று நினைக்காதீர்கள். அட்டை முடிய மூன்று வாரம் இருந்தும் பதில் இல்லை என்றால் அன்றைக்கே ஃபிக்ஷன் தாளைப் பெயர் சொல்லிக் கேட்டு எழுதுங்கள்.

ஜனவரியில் ஊருக்குப் போனேன். அந்த வருஷம் எங்கள் வீட்டில் பொங்கல் இல்லை. அப்பத்தா உட்காரும் திண்ணையில் அதன் வெற்றிலை இடிக்கும் உரல் அப்படியே இருந்தது. பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பும்போது, சென்னை விமான நிலையத்தின் செக்-இன் கவுன்டரில் இருந்த தம்பி இந்தத் தாளைப் பார்த்ததே இல்லை. மடித்த பச்சைத் தாள், முழுக்க ஜெர்மன் மொழி, கூடவே தேதி முடிந்த ஒரு அட்டை. "மேடம், இதுல எப்படி அனுப்புறது?" என்று பயந்துபோய்க் கேட்டார். நான் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். பழைய பாஸ்போர்ட், புதுப் பாஸ்போர்ட், முடிந்த அட்டை, பல்கலைக்கழகப் பதிவுச் சான்று, இந்தத் தாளோடு நாட்டுக்குள் வரலாம் என்று ஜெர்மன் அரசின் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்த விளக்கத்தின் அச்சுப்பிரதி, எல்லாம் ஒரே ஃபைலில். மூன்றாவது கட்டத்தில் மஞ்சள் குறிச்சீட்டு ஒட்டியிருந்தேன். மேலதிகாரியைக் கூப்பிட்டார்கள், அவர் எங்கேயோ போன் செய்தார், நாற்பது நிமிஷம் ஆனது. கேட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. மூன்றரை மணி நேரம் முன்பே போயிருந்ததால் விமானம் ஏறினேன்.